நாற்பத்தொன்றாம் பொந்து

நான் எதைச் சொன்னாலும் பத்தால் வகுத்துக்கொள்ள வேண்டும் என்பது எங்கள் வீட்டு வழக்கம். கல்யாணமான முதல் வாரத்திலேயே என் மனைவி கண்டுபிடித்த சூத்திரம் அது. கடைத்தெருவில் ஆயிரம் பேர் என்றால் நூறு பேர். ஆளுயரப் பல்லி என்றால் அரையடிப் பல்லி. அவள் கணக்கு பெரும்பாலும் சரியாகவே வரும். உங்களிடமும் இதை முதலிலேயே சொல்லிவிடுவதுதான் மரியாதை, இன்ஸ்பெக்டர் அம்மா. இந்த வாக்குமூலத்தில் வகுக்க வேண்டியதை நானே வகுத்துவிட்டு எழுதுகிறேன். எங்காவது மறந்திருந்தால் திருத்திக்கொள்ளுங்கள். அதற்காகத்தான் தாளில் இவ்வளவு ஓரம் விட்டிருக்கிறேன்.

நடந்ததை மட்டும் எழுதச் சொன்னீர்கள். நடந்தது ஒரு தட்டானைப் பற்றியது. அதை விட்டுவிட்டு எழுதினால் உங்களுக்கு ஒன்றும் விளங்காது.

ஊசித்தட்டானைக் குளத்தோரம் பார்த்திருப்பீர்கள். தையல் ஊசிக்கு இறக்கை முளைத்த மாதிரி புல்நுனியில் உட்கார்ந்திருக்கும். எங்களுடையது அந்தச் சாதியில் ராட்சசன். அடர்ந்த காட்டுக்குள்தான் இருக்கும். இறக்கையை விரித்தால் முக்கால் சாணுக்குக் குறையாது. உடம்போ பென்சிலைவிட மெலிசு. பறக்கும்போது நான்கு இறக்கையும் தனித்தனியாக, அவசரமில்லாமல் சுழலும். மின்சாரம் போன பிறகு ஓயப்போகிற மின்விசிறியின் வேகம். இறக்கை நுனிகளில் நீலமும் வெள்ளையுமாக மினுங்கும். அந்தக் காற்றில் என் தொப்பி பறந்து மூன்று மரம் தள்ளி விழுந்தது என்று முப்பது வருடமாகச் சொல்லி வருகிறேன். தொப்பி அசையக்கூட இல்லை.

அது சிலந்தியைத் தின்னும். வலைக்கு முன்னால் அந்தரத்தில் நின்று, நடுவில் இருக்கும் சிலந்தியை மட்டும் பறித்துக்கொண்டு பின்வாங்கும். ஒரு கிளையில் உட்கார்ந்து கால்களைக் கிள்ளிப் போட்டுவிட்டு வயிற்றைத் தின்னும். வலை அப்படியே இருக்கும்.

முட்டையிடுவது மரப்பொந்தில். கிளை ஒடிந்த இடத்தில் குழி விழுந்து மழைத்தண்ணீர் தேங்குமே, அதில்தான். குளம் குட்டை எல்லாம் அதற்கு ஆகாது. நல்ல பொந்தாகப் பார்த்து ஓர் ஆண் காவல் இருக்கும். முட்டையிலிருந்து வருவதைப் புத்தகத்தில் என்னவோ சொல்வார்கள், நாங்கள் குஞ்சு என்போம். குஞ்சு கொசுப்புழுவைத் தின்னும், தலைப்பிரட்டையைத் தின்னும், கூடப் பிறந்ததையும் தின்னும். சின்னப் பொந்தில் எத்தனை பொரித்தாலும் கடைசியில் ஒன்றுதான் இறக்கையோடு வெளியே வரும். பசி இல்லாதபோதும் கொல்லும் என்பது எங்கள் நிலையத்திலேயே பார்த்த விஷயம். கோபமெல்லாம் கிடையாது. இடம் ஒருவருக்குத்தான் இருக்கிறது, அவ்வளவுதான்.

என் மச்சானுக்கு நிலையத்தில் தராசு என்று பெயர். எனக்குப் பெருக்கல் என்று பெயர். தராசு என் மனைவிக்கு அண்ணன், எனக்கும் அவனுக்கும் ஒரே வயது. நாங்கள் இருவரும் அந்த வன ஆராய்ச்சி நிலையத்தில் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்து, ஒரே மாதத்தில் ஓய்வு பெற்றோம். ஓய்வுக்குப் பிறகும் மழைக்காலம் நான்கு மாதம் அங்கே போய்த் தட்டான் எண்ணுவோம். சம்பளமில்லாத வேலை. ஒருவர் ஏணியில் ஏறி, ரப்பர் குமிழ் வைத்த குழலால் பொந்துத் தண்ணீரை உறிஞ்சி வெள்ளைத் தட்டில் விட வேண்டும். குஞ்சுகளை எண்ணி, அளந்து, தண்ணீரோடு திரும்ப ஊற்ற வேண்டும். மற்றவர் ஏணியின் காலைப் பிடித்துக்கொண்டு, சொல்வதைக் கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும். வளர்ந்த தட்டானைப் பிடித்தால் இறக்கையில் மையால் எண் எழுதி விட்டுவிடுவோம்.

அவன் 'கிட்டத்தட்ட' என்ற சொல்லை வாழ்நாளில் சொன்னதில்லை. மழை பெய்ததா என்று கேட்டால் எத்தனை மில்லிமீட்டர் என்பான். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. பெண் வீட்டார் வயது கேட்டபோது வருடம், மாதம், நாள் எல்லாம் சொன்னான், அவர்கள் பயந்து எழுந்து போய்விட்டார்கள் என்று நான் ஊரெல்லாம் பரப்பியிருக்கிறேன். பக்கத்திலேயே உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பான். "நேரம் சொல்லல மாப்ள. நாள் வரைக்கும்தான் சொன்னேன்" என்பான்.

எங்களுக்கு ஒரு மகள் இருந்தாள்.

ஒன்பது வயதில், பள்ளி விடுமுறைக்கு நிலையத்துக்கு வந்திருந்தாள். நாற்பத்தொன்றாம் பொந்தில் காவலிருந்த ஆணைப் பிடித்திருந்தோம். தானே எண் எழுதுவேன் என்று பேனாவை வாங்கிக்கொண்டாள்.

"மாமா, நம்பர் வேணாம். நட்சத்திரம் போடறேன்."

"நட்சத்திரமெல்லாம் ஏட்டுல ஏறாதுடி கண்ணு."

"ஏத்து மாமா."

ஏற்றினான். இன்றைக்கும் அந்த ஏட்டில் அவன் கையெழுத்தில் இருக்கிறது: அடையாளம், நட்சத்திரம் ஒன்று. ஐந்து முனை. கீழ் இடது முனை மற்றவற்றைவிடக் குட்டை. வேறு யாருக்காகவும் அவன் ஏட்டை வளைத்ததில்லை.

அடுத்த மாதம் மகளுக்குக் காய்ச்சல் வந்தது. மூன்று நாள். இதில் வகுக்க ஒன்றுமில்லை.

நட்சத்திரம் ஐந்து மாதம் அந்தப் பொந்தைக் காத்தது. அது போன பிறகு இன்னொன்று வந்தது. அடுத்த வருடம் அதே பொந்திலிருந்து ஒரு குஞ்சு இறக்கை முளைத்து ஏறி வந்தது. என் மனைவி கேட்கத் தொடங்கியது அப்போதுதான். "நட்சத்திரத்து வீட்டுல இந்த வருஷம் யாருங்க?" மகளைப் பற்றி அவள் வேறு எதுவும் பேச மாட்டாள். மகள் அறையின் அலமாரியைக்கூடத் திறக்க மாட்டாள். இந்த ஒரு கேள்வி மட்டும் வருடம் தவறாமல் வரும். மூட்டு தேய்ந்து நகரத்து வீட்டிலேயே இருந்துவிட்ட பிறகு போனில் வரும். இருபத்து நான்கு வருடம் நான் உண்மையைத்தான் சொன்னேன். உண்மையே போதுமானதாக இருந்தது.

ஆறு வருடத்துக்கு முன்னால் ஒரு புயலில் அந்த மரத்தில் விரிசல் விட்டது. தண்ணீர் நிற்கவில்லை. பொந்து காய்ந்துவிட்டது.

அன்று சாயங்காலம் அவள் கேட்டாள். "ஒருத்தன் இருக்கான்" என்றேன். இதைப் பொய் என்று எழுதிக்கொள்ள வேண்டாம். பொய்யன் சொல்லிவிட்டுச் சும்மா இருப்பான். நான் சொன்னதை உண்மையாக்குவதற்கு மறுநாளே ஏணியும் வாளியுமாகப் போனேன். அன்று மச்சான் நகரத்தில் பல் டாக்டரிடம் இருந்தான். விரிசலைக் குழாய்ப் பசையால் அடைத்தேன். குளியலறைக் குழாய் ஒழுகினால் அப்புவார்களே, அதுதான். தண்ணீர் கனகச்சிதமாக நின்றது. பதினேழாம் பொந்திலிருந்து ஒரு குஞ்சை எடுத்து வந்து விட்டேன்.

அது ஒரு வாரத்தில் செத்துப்போனது. இன்னொன்று விட்டேன். அதுவும் செத்தது. எட்டாம் பொந்து, இருபத்திரண்டு, முப்பது. அவ்வப்போது ஒன்று பத்து நாள், பதினைந்து நாள் தாங்கும். அது உயிரோடு இருக்கிற நாளாகப் பார்த்து மச்சானை எண்ணிக்கைக்குக் கூட்டிப் போவேன். ஆறு மழைக்காலம் இப்படிப் போனது.

மச்சானின் ஏட்டில் மற்ற பொந்துகளின் மொத்தக் கணக்கு வருடத்துக்கு வருடம் இறங்கியது. முப்பத்தெட்டு, முப்பத்தொன்று, இருபத்திரண்டு, பதினான்கு, ஒன்பது. இந்த வருடம் மூன்று. அவன் இளைத்துப்போனான். மழை மாறிவிட்டதோ, காற்றில் மருந்து கலந்துவிட்டதோ என்று ஊர் ஊராகக் கடிதம் எழுதினான். "நாப்பத்தொண்ணுல மட்டும் எப்படி மாப்ள வருஷா வருஷம் இருக்கு?" என்று கேட்பான். "நம்ம பொண்ணு பாத்துக்கறா" என்பேன். அவன் கண் கலங்கிப் போய்விடுவான். நான் முதுகைத் தட்டிக்கொடுப்பேன். அவனுக்கு ஆறுதல் சொல்ல அங்கே என்னைவிட்டால் யார் இருந்தார்கள்?

சம்பவத்தன்று மதியம் ஏணியில் ஏறியது அவன். வழக்கமாக அந்தப் பொந்துக்கு மட்டும் நான்தான் ஏறுவேன். அன்று எனக்கு முழங்கை வலி. என் உயரத்துக்கு இரண்டரை மடங்கு உயரம். நான் கீழே பிடித்திருந்தேன். அவன் குழலை உள்ளே விட்டு உறிஞ்சினான்.

"மாப்ள. இதுக்குள்ள என்னத்தடா பூசியிருக்கு?"

"என்ன பூசியிருக்கு?"

"குழாய்ப் பசை. பழசு மேல புதுசு, மூணு நாலு பூச்சு. நாத்தம் கண்ணைக் கரிக்குது." கொஞ்சம் கழித்து, "தண்ணியில வெஷம்டா இது. தட்டுல வந்தது செத்துக் கெடக்கு. எத்தனை விட்ட இதுல?"

"ஒண்ணு ரெண்டு."

"உன் வாயில ஒண்ணு ரெண்டுன்னு வந்தா அம்பதுடா."

ஐம்பத்து மூன்று. நான் எண்ணி வைத்திருந்தேன். அந்தப் பசைதான் கொன்றது என்பது எனக்கு அந்த நிமிடம்வரை தெரியாது. தண்ணீரைத் தேக்கிவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்றுதான் நினைத்திருந்தேன். முப்பது வருடம் பொந்துகளோடு வாழ்ந்தவன் செய்யக்கூடிய தப்பா என்று நீங்கள் கேட்கலாம். அவனும் அதையேதான் கேட்டான். அப்புறம் ஏணியிலேயே நெற்றியை மரத்தில் சாய்த்துக்கொண்டு நின்றான்.

"இந்தக் காட்டையே காலி பண்ணிட்டியேடா."

"அவளுக்காகத்தான் மச்சான்."

"இன்னிக்கு அவகிட்ட நானே சொல்றேன். இவ்வளவு நாள் நீ சொன்னது போதும்."

"தாங்க மாட்டா."

"பொண்ணு போனதையே தாங்கினவ. நீ அளந்து விடறதைத் தாங்க மாட்டாளா? எறங்கறேன், பிடி."

ஏணியின் காலைப் பிடித்திருப்பவன், மேலே இருப்பவன் 'தரை' என்று சொல்லும்வரை கையை எடுக்கக் கூடாது. முப்பது வருடமாக எங்கள் விதி. அவன் 'தரை' என்று சொல்லவில்லை. எனக்குக் கண்ணாடி மங்கலாக இருந்தது, துடைத்துக்கொண்டேன். இரண்டு கையாலும்தான் துடைக்க வேண்டியிருந்தது.

விழுந்த பிறகு அவன் கத்தவில்லை. இடுப்புக்குக் கீழே அசைக்க முடியவில்லை. கடிகாரத்தைப் பார்த்து "மூணேகால்" என்றான். என் மழைக்கோட்டை அவன்மேல் போர்த்தினேன். தண்ணீர் பாட்டிலைக் கைக்கெட்டும்படி வைத்தேன். இரண்டையும் குறித்துக்கொள்ளுங்கள்.

"மாப்ள, போய் ஆளக் கூட்டிட்டு வா. ஸ்ட்ரெச்சரும் நாலு பேரும் வேணும். சொல்லும்போது அப்படியே சொல்லு. எதையும் சேர்க்காத."

"சரி மச்சான்."

நான் ஏணியை விட்டேன் என்று அவன் ஒரு சொல் சொல்லவில்லை. தெரிந்திருக்குமா என்று பல தடவை யோசித்துவிட்டேன். தெரியாமல் இருந்திருக்காது. அவன் தராசு.

ஐம்பது நிமிட நடை எனக்கு ஒரு மணி இருபது நிமிடம் ஆனது. வழியில் பதினேழாம் பொந்து தாழ்வாக, கைக்கெட்டுகிற உயரத்தில் இருக்கும். எட்டிப் பார்த்தேன். ஒரு குஞ்சு இருந்தது. பையிலிருந்த சீசாவில் எடுத்துக்கொண்டேன். என் அறையிலிருந்து நீங்கள் தடயமாக எடுத்துப் போன சீசாவில் இருப்பது அதுதான், அம்மா. தயவுசெய்து மழைத்தண்ணீர் ஊற்றச் சொல்லுங்கள், குழாய்த் தண்ணீர் வேண்டாம். ஒரு நாளைக்கு நாலைந்து கொசுப்புழு போதும்.

நிலையத்துச் சாப்பாட்டுக்கூடத்தில் டீ நேரம். பதினோரு பேர் இருந்தார்கள். நான் சொன்னேன். பதினோரு பேரிடமும் நீங்களே விசாரித்துவிட்டீர்கள், நான் சொன்னது உண்மை என்று அவர்களே எழுதிக் கொடுத்திருக்கிறார்கள்.

"மச்சான் ஏணியிலேர்ந்து விழுந்துட்டார். இடுப்பெலும்பு பதினெட்டுத் துண்டு. மரத்தடியில படுத்துக் கெடக்கார். குரங்கெல்லாம் சுத்தி உக்காந்து துக்கம் விசாரிக்குது. ஸ்ட்ரெச்சர் அனுப்பணுமாம், நாப்பது பேர் தூக்கணுமாம்."

எறும்பு ஆராய்ச்சி செய்கிறவருக்குப் புரையேறிவிட்டது. தவளைக்காரம்மா விரல் விட்டு எண்ணினார். "நாப்பதைப் பத்தால வகுத்தா நாலு. பதினெட்டை வகுத்தா ஒண்ணே முக்கால் சொச்சம். ஒரு எலும்பு ஒண்ணே முக்கால் துண்டா எப்படிங்க உடையும்? கணக்கு இடிக்குதே."

"அப்போ அவரு டீயை மூடி வெக்கவா?" என்றார் சமையல்கார அக்கா.

"மூடி வைங்க. ஆறினாதான் அவருக்குப் பிடிக்கும்."

டைரக்டர் மட்டும் சிரிக்காமல் பார்த்தார். புதிதாக வந்தவர், என் மகள் இருந்திருந்தால் அந்த வயதுதான். "சார், நிஜமாவா?"

"நான் என்னிக்காவது பொய் சொல்லிருக்கேனாம்மா?"

கூடமே இடிந்துவிழும்படி சிரித்தது. அவரும் சிரித்துவிட்டார். பாவம், அவரை ஒன்றும் சொல்லாதீர்கள்.

மறுநாள் காலைச் சாப்பாட்டுக்கு மச்சான் வரவில்லை. கதவைத் தட்டிப் பார்த்தார்கள், படுக்கை மடிப்புக் கலையாமல் இருந்தது. தவளைக்காரம்மா அப்படியே சுவரோடு சரிந்து உட்கார்ந்துவிட்டார். எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். "நான்தான் நேத்தே சொன்னேனே" என்றேன். இரவு முழுக்க நல்ல மழை. அவன் இருந்தால் எத்தனை மில்லிமீட்டர் என்று சொல்லியிருப்பான்.

நான் மறைக்கவில்லை என்பதுதான் இதில் முக்கியம். விழுந்ததைச் சொன்னேன், எலும்பைச் சொன்னேன், ஸ்ட்ரெச்சரைச் சொன்னேன். எனக்குத் தெரிந்த விதத்தில் சொன்னேன். ஒரு மனிதன் அறுபத்தெட்டு வயதில் திடீரென்று வேறு மாதிரி எப்படிப் பேசுவான்?

பலகையைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். வாசலில் ஒரு பலகை உண்டு. ஒவ்வொருவருக்கும் ஒரு வில்லை தொங்கும், ஒரு பக்கம் சிவப்பு, மறுபக்கம் பச்சை. காட்டுக்குப் போகும்போது சிவப்பைத் திருப்பிவிட்டுப் போக வேண்டும், வந்ததும் பச்சை. ஆறு மணிக்குக் காவலாளி வந்து பார்ப்பார். ஒரு சிவப்பு இருந்தாலும் விசில் ஊதி ஆள் திரட்டித் தேடப் போய்விடுவார்கள். அவரவர் வில்லையை அவரவர்தான் தொட வேண்டும். அன்று ஆறு மணிக்கு எல்லாம் பச்சையாக இருந்தது என்று காவலாளி சொல்லியிருக்கிறார். அவர் சொல்வது சரி. சாப்பாட்டுக்கூடத்துக்குப் போவதற்கு முன்னாலேயே நான் என் வில்லையைத் திருப்பினேன். கை அங்கேயே இருந்ததால் அவனுடையதையும் திருப்பினேன்.

டாக்டர் அறிக்கையில் உயிர் போனது அதிகாலை நாலு மணி என்று இருக்கிறது. என் மனைவி அதை இரண்டு தடவை படிக்கச் சொல்லிக் கேட்டாள். "எத்தனை மணிக்கு விழுந்தான்?" என்றாள். சொன்னேன். அண்ணனைப் போலவே உதட்டுக்குள் கணக்குப் போட்டாள். "பதிமூணு மணி நேரமா?"

"பன்னிரண்டே முக்கால்" என்று திருத்தினேன். அதற்குப் பிறகு அவள் என்னோடு பேசவில்லை. நட்சத்திரத்து வீட்டைப் பற்றியும் கேட்கவில்லை.

அவளுக்காகத்தான் செய்தேன் என்று அவளிடம் நீங்கள் எடுத்துச் சொல்ல வேண்டும். அவளுக்கு உலகத்தில் மிச்சமிருந்தது அந்த ஒரு கேள்விதான், அதை அவன் பிடுங்கப் பார்த்தான். நீங்கள் சொன்னால் கேட்பாள். நான் சொன்னால் வகுத்துவிடுவாள்.

கடைசியாக ஒன்று பாக்கி இருக்கிறது. நீங்கள் கேட்கவில்லை, அவளும் யாரிடமும் சொல்லியிருக்க மாட்டாள். அன்று சாயங்காலம் வழக்கம்போல அவள் போன் செய்தாள். மணி ஐந்தரை. பலகையைக் காவலாளி பார்ப்பதற்கு இன்னும் அரைமணி இருந்தது. மழை தொடங்கவில்லை.

"அண்ணன் வந்தாச்சா? அங்க பெருமழை வரும்னு ரேடியோல சொல்றானே."

குரங்குகளைச் சொல்லியிருக்கலாம். பதினெட்டுத் துண்டைச் சொல்லியிருக்கலாம். அவள் வகுத்திருப்பாள். நாற்பது வருடமாக என்னை வகுத்துப் பழகியவள், அதற்குள்ளிருந்து அவனை மீட்டெடுத்து, நிலையத்துக்கே போன் போட்டு ஊரைக் கூட்டியிருப்பாள். அதனால் அவன் சொன்னபடியே, எதையும் சேர்க்காமல் சொன்னேன்.

"வந்துட்டார்."

"சரிங்க" என்றாள். அதை அவள் எதாலும் வகுக்கவில்லை.